கூண்டும் காற்றும்

அன்னமின்றிச் சில வாரம் உயிர் தரித்திருக்கலாம்; நீரின்றிச் சில நாள் தாங்கலாம்; காற்றின்றியோ சில நிமிடங்கூட இருக்கவொண்ணாது. இதனைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும், அரிசியை அளந்து வாங்குகின்ற நாம், தண்ணீர்க் கட்டணத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கின்ற நாம், காற்றைப்பற்றிக் கணக்குப் பார்ப்பதேயில்லை. கண்ணுக்குப் புலப்படாததும் காசு கொடுத்து வாங்காததுமாகிய ஒன்றைப்பற்றிச் சிந்திக்கும் வழக்கம் நம்மவரிடையே மிகக் குறைவு. அவ்வழக்கத்தை நமக்கு உண்டாக்கியது பெரிய நூலுமன்று, பெரியோர் சொற்பொழிவுமன்று. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சின்னஞ்சிறு பிராணியே.

அதன் பெயர் குள்ள ஹாம்ஸ்டர். ஜொகூர் பாருவிலும், குளுவாங், சிகாமட், கூலாய் முதலிய ஊர்களிலும் வளர்ப்புப் பிராணி விற்கும் கடைப்பக்கம் போனவர்கள் இதனைக் கண்டிருப்பர். எலிக்கு உறவினம்; வால் பெயரளவுக்குத்தான் உண்டு; கன்னத்தின் இருபுறமும் தானியத்தை அடக்கிக்கொள்ளும் பைகள் உண்டு. இதில் மூன்று வகை பெரும்பாலும் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று, பல்லாஸ் என்னும் அறிஞர் 1773இல் எழுதிவைத்த சைபீரியக் குள்ளன். மற்றொன்று, மங்கோலியாவில் கிடைத்து 1905இல் காம்பெல் என்பாரின் பெயர் சூட்டப்பெற்றது. மூன்றாவது, 1903இல் அறிவியலார் பதிவிட்ட ரோபோரோவ்ஸ்கி. இருபது கிராம் அளவே எடையுள்ளது. மூன்றுக்கும் தாயகம் ஆசியாவின் நடுவிலுள்ள வறண்ட புல்வெளியும் பாலைமணலும். அங்கே காற்றில் ஈரம் இல்லை, குளிரோ கடுமை. சைபீரியக் குள்ளன் பகற்பொழுது குறுகும் குளிர்காலத்தில் தன் உரோமத்தை வெண்மையாக மாற்றிக்கொள்ளும் தன்மையது. பகலும் இரவும் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே அளவாயிருக்கும் நமது ஜொகூரில் அந்த மாற்றம் நிகழ இடமில்லை. நிலம் மாறியது, நேரம் மாறியது, வெப்பம் மாறியது, காற்றும் மாறியது. அதன் சம்மதத்தைக் கேட்டு எவரும் இங்குக் கொண்டுவரவில்லை.

நமது தங்கையின் மகளுக்குப் பத்து வயது. தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த அங்பாவ்ப் பணத்தைச் சேர்த்துவைத்து ஹாம்ஸ்டர் ஒன்று வாங்க வேண்டுமென்று பிடிவாதமாயிருந்தாள். ஆனால் அவளுக்கு ஓர் அச்சமும் இருந்தது. அவளுடைய வகுப்புத் தோழி வளர்த்த ஹாம்ஸ்டர் மூன்றாம் மாதத்தில் இறந்துபோயிற்று. கடையில் கொடுத்த அழகிய மூடிப் பெட்டியிலேயே அது இருந்தது, உணவுக்குக் குறைவில்லை, தண்ணீருக்கும் குறைவில்லை. "எலிதானே, போனால் போகிறது, வேறு வாங்கலாம்" என்று பெரியவர்கள் சமாதானம் கூறினார்களாம். அச்சமாதானம் பெரியவர்களுக்குப் போதுமாயிருந்தது, குழந்தைகளுக்குப் போதவில்லை. "ஏன் செத்துச்சு மாமா?" என்று அவள் நம்மைக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிறகே வாங்குவது என்று இருவரும் முடிவு செய்தோம்.

கடைக்குப் போனோம். கூண்டுகள் அடுக்கடுக்காயிருந்தன. இளஞ்சிவப்பு நிறத்தில் அரண்மனை போன்றது ஒன்று. விண்கலம் போன்றது ஒன்று. வளைந்து வளைந்து செல்லும் குழாய்களால் இணைத்த மூன்றடுக்கு மாளிகை ஒன்று. கடைத் தவுக்கே நல்ல மனிதர். சிரித்த முகத்தோடு, "இதுதான் அதிகம் விற்கிறது" என்று மாளிகையைக் காட்டினார். குழந்தை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல காத்து எந்தப் பக்கமா வந்து எந்தப் பக்கமா போகும்?" என்று கேட்டாள். தவுக்கே யோசித்தார், நாமும் யோசித்தோம். மேல்மூடியில் பூ வடிவமாக வெட்டிய சில துளைகளைத் தவிர வேறு வழியில்லை. பெட்டியின் மேலே நிறம் எழுதியிருந்தது, மாடிகளின் எண்ணிக்கை எழுதியிருந்தது, விலை எழுதியிருந்தது. காற்றைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

காரணம் தெளிவானது. கூண்டை வாங்குபவன் வேறு. அதில் வசிக்கப்போவது வேறு. வாங்குபவனுக்குக் கண் உண்டு, பணப்பை உண்டு. வசிப்பதற்கு வாய் இல்லை. ஆகவே, செய்பவன் வாங்குபவனுடைய கண்ணுக்குச் செய்கிறானேயன்றி வசிப்பதன் மூக்குக்குச் செய்கிறானில்லை. இந்த ஒன்றை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

மூடிய கலத்தில் எலி படும் பாட்டைப் பற்றி அறிவுலகம் சிந்தித்தது நேற்றன்று. 1771இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பார், மூடிய கண்ணாடிக் கலத்தில் மெழுகுவர்த்தி எரிந்தாலும் எலி மூச்சுவிட்டாலும் உள்ளிருக்கும் காற்று கெட்டுப்போகும் என்பதையும், அதே காற்றில் புதினாத் தளிரைச் சில நாள் வைத்திருந்தால் மீண்டும் எலி பிழைக்கவும் விளக்கு எரியவும் கூடும் என்பதையும் கண்டார். செடிகள் காற்றைத் திருத்தித் தருகின்றன என்னும் பேருண்மை அங்கே தொடங்கிற்று. அவ்வுண்மைக்கு விலை கொடுத்தவை பெயரில்லாத எலிகள். அவ்வினத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் சிறிதன்று.

ஆயினும், கடைக்கூண்டில் உயிர்க்காற்று முற்றும் தீர்ந்துபோவது அரிது. சிறு துளைகளே அதற்குப் போதும். அங்கே தீமை செய்பவை வேறு மூன்று: நெடி, ஈரம், வெப்பம்.

முதலாவது நெடி. பிராணியின் சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்கிருமிகள் சிதைக்கும்போது அம்மோனியா என்னும் ஆவி பிறக்கிறது. ஈரமும் சூடும் கூடினால் அது விரைந்து பிறக்கும். கண்ணை எரிக்கும், மூச்சுக் குழாயின் உட்தோலைப் புண்படுத்தும், புண்பட்ட இடத்தில் நோய்க்கிருமி எளிதில் குடியேறும். நாம் கூண்டருகே நின்று "நாற்றமொன்றும் இல்லையே" என்கிறோம். நம் மூக்கோ தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில். ஹாம்ஸ்டரின் மூக்கோ அந்தத் தூளுக்குள்ளேயே. ஆவி பிறக்கும் இடத்திலேயே அது உறங்குகிறது.

இரண்டாவது ஈரம். நமது நாட்டுக் காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாத நாள்களே மிகுதி. புறத்தேயே இப்படியென்றால், மூடிய பெட்டிக்குள் நீர்க்குப்பியின் கசிவும், மூச்சும், சிறுநீரும் சேர்ந்து நிற்கும்போது படுக்கை உலருவதெங்ஙனம்? பூஞ்சணம் பூக்கும், சேமித்துவைத்த தானியம் கெடும்.

மூன்றாவது வெப்பம். ஹாம்ஸ்டருக்கு ஏற்றது 18 முதல் 24 டிகிரி செல்சியசு வரை. நமது நண்பகலோ 32 டிகிரியைத் தொடுகிறது. தகரக் கூரையின் கீழ் அதற்கும் மேல். மனிதன் வியர்த்துத் தன் உடலைத் தணித்துக்கொள்கிறான். ஹாம்ஸ்டருக்கு உடல் முழுதும் வியர்க்கும் வசதி இல்லை. ஆதலால் மின்விசிறியைச் சுழலவிட்டு, "நமக்குக் குளிர்கிறதே, அதற்கும் குளிரும்" என்று எண்ணுவது பிழை. விசிறி நம்மைக் குளிர்விப்பது நம் வியர்வையை உலர்த்துவதனால். வியர்க்காத உயிருக்கு அது அறையின் காற்றை மாற்றித் தருமேயன்றிக் குளிர்ச்சியைத் தராது. காற்றோட்டம் வேண்டும், ஆனால் காற்றோட்டமே குளிர்ச்சி என்று மயங்கலாகாது.

இனிக் கூண்டுகளைப் பார்ப்போம். பொதுவாக மூன்று வகை: மூடிய பிளாஸ்டிக் பெட்டி, கண்ணாடித் தொட்டி, கம்பிக் கூண்டு. வாய்ச்சொல்லால் தீர்மானிப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது நலமென்று, மூன்றையும் இரவல் வாங்கினோம். தோழியின் வீட்டு வெறும்பெட்டியும் அவற்றுள் ஒன்று. ஒரே துணியில் ஒரே அளவாக மூன்று துண்டு வெட்டி, நனைத்துப் பிழிந்து, மூன்றின் அடித்தளத்திலும் மாலையில் வைத்தோம். மறுநாட் காலையில் கம்பிக் கூண்டிலிருந்த துணி உலர்ந்து மொடமொடத்தது. வலைமூடியிட்ட கண்ணாடித் தொட்டியிலிருந்ததில் மடிப்போரம் மட்டும் ஈரம். மூடிய பெட்டியிலிருந்தது வைத்தது வைத்தபடியே இருந்தது. போதாக்குறைக்குச் சுவரில் நீர்த்துளிகள் வேறு. குழந்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதுக்குள்ளதான் அது மூணு மாசம் இருந்துச்சா?" என்றாள். அவள் கேட்ட கேள்விக்கு முழு விடை இதுவே என்று சாதிக்க நாம் மருத்துவரல்லோம். ஆனால் ஓர் உயிரை வைக்கத் தகாத இடம் அது என்று சொல்ல மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை.

அப்படியாயின் கம்பிக் கூண்டே போதுமா என்றால், அங்கும் ஒரு சிக்கல் உண்டு. ஹாம்ஸ்டர் இயல்பில் வளை தோண்டி வாழ்வது. இருபது சென்டிமீட்டர் ஆழமேனும் படுக்கைத் தூள் இருந்தால்தான் அது தோண்டி ஒளிந்து அமைதியாக உறங்கும். கடையில் விற்கும் கம்பிக் கூண்டுகளின் அடித்தட்டோ மிக ஆழங்குறைந்தது. தூளைக் கொட்டினால் கம்பி வழியே வெளியே சிந்தும். மேலும் பெரிய எலிகளுக்கான கம்பி இடைவெளியில் இந்தக் குள்ளன் நழுவிப் போய்விடும். இடைவெளி ஏழு மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. காற்று வேண்டுமென்றால் ஆழம் போகிறது. ஆழம் வேண்டுமென்றால் காற்று போகிறது. அறிவுடைமையாவது இரண்டில் ஒன்றைத் தியாகம் செய்வதன்று. இரண்டும் பொருந்த ஒரு வழி காண்பது.

நாம் கண்ட வழி எளியது. ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள பிளாஸ்டிக் சாமான் பெட்டி ஒன்றை வாங்கினோம். ஜெர்மனியில் விலங்கு நல மருத்துவர்கள் ஹாம்ஸ்டருக்குக் குறைந்தபட்ச இடமாகக் கூறுவதும் இவ்வளவே. தரையிலிருந்து இருபத்தைந்து சென்டிமீட்டர் உயரம்வரை சுவரை அப்படியே விட்டோம், அது படுக்கைக்கு. அதற்கு மேலே எதிரெதிரான இரண்டு பக்கங்களில் நீண்ட சன்னல்களையும், மூடியில் பெரியதொரு வாயிலையும் வெட்டி, இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைப் பொருத்தினோம். வெட்டிய முனைகளை மடித்து உட்புறம் குத்தாமற் செய்தோம். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். எதிரெதிராகத் திறந்தால்தான் நுழைந்து வெளியேறும். இதற்கான செலவு அந்த இளஞ்சிவப்பு அரண்மனையின் விலையைவிடக் குறைவு.

படுக்கைக்கு எதை இடுவது? மூவார்ப் பக்கத்துத் தளவாடப் பட்டறைகளிலிருந்து ரப்பர் மரத்தூள் சும்மா கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் கூறினார். நம் முன்னோர் பால்வடித்த மரத்தின் தூளாயிற்றே என்று ஆசையிருந்தும் நாம் இசையவில்லை. ரப்பர் மரப்பலகையைப் பூச்சி அரிக்காமலிருக்கப் போரான் உப்பு கலந்த நீரில் பதப்படுத்துவது வழக்கம். அறுவைத் தூளின் நுண்ணிய பொடியும் நுரையீரலுக்கு ஆகாது. மணமுள்ள தேவதாரு, பைன் மரச்சீவல்களும் ஆகா. மையில்லாத தூய காகிதத் துணுக்கே தக்கது. சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் நாள்தோறும் அகற்றினால், வாரந்தோறும் முழுவதையும் கொட்டி அதன் வளையைப் பாழாக்க வேண்டியதில்லை.

வைக்கும் இடமும் கூண்டின் ஒரு பகுதியே என்பது நம் கருத்து. வெயில் விழும் சன்னலோரம் ஆகாது. அடுக்களையின் மிளகாய்த் தாளிப்பு நெடி, கொசுவர்த்திப் புகை, ஊதுபத்தி, சாம்பிராணி ஆகியவை படும் இடமும் ஆகாது. மனிதன் தும்மிவிட்டு வெளியே போகலாம், கூண்டிலிருப்பது எங்கே போகும்? குளிர்சாதனப் பெட்டியின் காற்று நேரே வீசும் இடமும் ஆகாது. தோட்டத்து வீடுகளில் எறும்புத் தொல்லை உண்டாதலால், உணவு அலமாரிக்கு நம் பாட்டிமார் செய்தது போல, மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம். பிற்பகல் வெப்பத்துக்கு, ஒரு தரை ஓட்டுத்துண்டை உள்ளே வைத்தால் அதன்மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். உறையவைத்த நீர்ப்புட்டியைத் துணியிற் சுற்றி வெளிப்புறம் சாய்த்தும் வைக்கலாம். ஐந்து வெள்ளிக்கு விற்கும் வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டால் ஊகத்துக்கு இடமேயில்லை. நம் வீட்டுக் குள்ளன் ஏழு மாதமாக நலமாயிருக்கிறான். பகலில் தூங்கி இரவில் சக்கரம் ஓடுகிறான்.

இத்துணையும் படித்த நேயர் ஒருவர், "மனிதன் படும் பாடு மலைபோலிருக்க, எலிக்குச் சன்னல் வெட்டுவதைப்பற்றியா எழுதுகிறீர்?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறவே இதனை எழுதத் துணிந்தோம்.

நம் பாட்டன்மார் வாழ்ந்த லயங்களை நினைத்துப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை. முன்னே கதவு, பின்னே அடுத்த குடும்பத்தின் சுவர். அடுப்புப் புகையும், ஈரத்துணியும், காசநோய்க்காரனின் இருமலும் அதே அறையில். அவற்றைத் திட்டமிட்டவர்கள் மனம் கெட்டவர்கள் என்றுகூட நாம் சொல்லவில்லை. அவர்கள் அதில் ஓரிரவு படுத்ததில்லை, அவ்வளவே. தலைக்கு இத்தனை அடி, வரிசைக்கு இத்தனை அறை, செலவு இவ்வளவு என்று தாளில் கணக்கிட்டார்கள். வாங்குபவன் வேறு, வசிப்பவன் வேறு. பெட்டியின் மேல் காற்றைப்பற்றி அன்றும் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. மனிதனை எலியோடு ஒப்பிடுகிறோமென்று எவரும் சினக்க வேண்டா. ஒப்பிடுவது வசிப்பவரையன்று, வீட்டைத் தெரிந்தெடுத்தவரின் கண்ணை.

தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டம் மலேசியாவில் 1966இல் வந்தது. 1990இல் புதிதாக இயற்றப்பெற்றது. 2019இல் திருத்தப்பெற்று, 2020இல் தோட்டங்களுக்கு அப்பாலுள்ள தொழில்களின் தங்குமிடங்களுக்கும் விரிந்தது. அதே 2020இல், நீரிணைக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரில், நெருக்கமான தொழிலாளர் விடுதிகளில் கோவிட் நோய் காட்டுத்தீபோற் பரவிற்று. அங்கே முடங்கிக் கிடந்தவர்களில் நம் தமிழகத்து இளைஞரும் பலர். அடுக்குக் கட்டில்களுக்கிடையே காற்று எவ்வழி வருகிறது, எவ்வழி போகிறது என்று கேட்க ஒரு பத்து வயதுப் பெண் அங்கே இருந்திருக்கவில்லை.

ஜொகூர் மக்களாகிய நமக்குக் காற்றின் அருமையைப் பிறர் சொல்லித் தர வேண்டியதுமில்லை. 2013 ஜூன் மாதத்தில் சுமாத்திராக் காட்டுத்தீயின் புகை மூவாரை மூடி, காற்று மாசுக் குறியீடு 746ஐத் தொட்டபோது, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் எவரோ கொட்டிய இரசாயனக் கழிவின் ஆவியால் பிள்ளைகள் மயங்கி விழ, 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்நாள்களில் நாமனைவரும் மூடிய பெட்டிக்குள் இருந்தோம். மூடியைத் திறக்கும் கை நம்முடையதாயில்லை. அந்தத் திணறலை அனுபவித்தவன், தன் கைக்குக் கீழிருக்கும் பெட்டியின் மூடியைத் திறந்துவைக்கக் கடமைப்பட்டவனாகிறான்.

சட்டமும் இதனை வற்புறுத்துகிறது. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், உயிரொன்றை வளர்ப்பவர் அதற்கு ஏற்ற சூழலும், உணவும், இயல்புப்படி நடமாட வசதியும் தரவேண்டுமென்று பொறுப்புச் சுமத்துகிறது. எலிதானே என்ற விலக்கு அதில் இல்லை. ஆனால் சட்டத்துக்கு அஞ்சித் திறக்கும் சன்னலைவிட, அறிந்து திறக்கும் சன்னலே நிலைக்கும். பிறர் மூச்சுக்காக ஒரு சன்னல் வெட்டப் பழகிய கை, நாளை வாடகை வீடு பார்க்கும்போது பின்சன்னலைத் தேடும். பள்ளிக்கூடக் குழுவில் உட்காரும்போது வகுப்பறையின் காற்றைப்பற்றிக் கேட்கும். முதலாளியானால் தன் தொழிலாளியின் அறைக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்கும்.

ஆகவே தோழர்களே, பிள்ளைகள் பிராணி கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டா, உடனே வாங்கவும் வேண்டா. கூண்டை முதலில் பாருங்கள். நிறத்தைப் பாராதீர்கள், மாடியை எண்ணாதீர்கள். ஈரத்துணி ஒன்றை உள்ளே வைத்துக் காலையில் எடுத்துப் பாருங்கள். பிறகு குனிந்து, வெட்கப்படாமல், அதன் அடித்தளத்துக்கு நேரே மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுங்கள். நீங்கள் இரண்டாம் மூச்சையும் அங்கேயே இழுக்க இசைவீர்களாயின், அது உயிர் வாழ்வதற்கு ஏற்ற வீடு.